மூன்றாம் பத்தி

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பதை எங்கள் கல்லூரி நிர்வாகம் சென்ற ஆண்டு திடீரென்று கண்டுபிடித்தது. பத்தொன்பது வருடங்களாக அந்தச் சுரைக்காயைத்தான் நான் பயிரிட்டு வந்தேன். பாடத்தின் பெயர் கல்விசார் ஆங்கிலம். டிப்ளோமாவுக்கு வரும் பிள்ளைகள் ஐந்து பத்தியில் கட்டுரை எழுத வேண்டும். முதல் பத்தியில் உன் கருத்து. இரண்டாவதில் ஆதாரம். மூன்றாவதில் மறுதரப்பு, அதாவது உன்னை எதிர்ப்பவன் என்ன சொல்வானோ அதை அவனுக்குப் பதிலாக நீயே எழுத வேண்டும். நான்காவதில் அதற்கு மறுப்பு. ஐந்தாவதில் முடிவு. இருபது மதிப்பெண்ணில் மூன்றாம் பத்திக்கு மட்டும் ஆறு. பிள்ளைகளுக்கு வராததும் அந்தப் பத்திதான். உன்னை எதிர்த்து நீயே பேசு என்றால் பத்தொன்பது வயதில் யாருக்கு வரும்?

இனி மாணவர்கள் வகுப்பில் கற்றதை வெளியே எங்காவது பயன்படுத்திவிட்டு அதற்குச் சான்று கொண்டுவர வேண்டும் என்று விதி வந்தது. அதற்கு இருபது மதிப்பெண். தர மதிப்பீட்டுக் குழு வந்து பார்க்குமாம். துறைத் தலைவி ஷர்மினி என்னைவிடப் பதினோரு வயது இளையவள். அக்கா, அக்கா என்று கூப்பிட்டே ஆளை வேலை வாங்கிவிடுவாள்.

"அக்கா, ஒரே ஒரு நல்ல சேம்பிள் போதும் லா. பேனல் அத படிச்சிட்டு அழுதுடணும்," என்றாள்.

வந்த சான்றுகளைப் படித்து அழ வேண்டியிருந்தது எனக்குத்தான். டீக்கடையில் ஐஸ் அதிகம் என்று ஒருத்தி ஐந்து பத்தியில் புகார் எழுதியிருந்தாள். யுகேந்திரன் என்ற பையன் ஒரு பெண்ணுக்கு எழுதிய காதல் கடிதத்தைக் கொண்டுவந்தான். அதன் கடைசியில் மேற்கோள் நூற்பட்டியல் இருந்தது. அந்தப் பெண்ணின் பதில் என்ன என்று நான் கேட்கவில்லை. பன்னிரண்டு போட்டு அனுப்பினேன்.

அழ வேண்டியிருந்தது என்பது பேச்சுக்குச் சொன்னது. எனக்கு இப்போதெல்லாம் எதுவும் உறைப்பதில்லை. அம்மா போனதிலிருந்து நீ இப்படி ஆகிவிட்டாய் என்கிறாள் என் தங்கை அனுஜா. எனக்கு அப்படித் தெரியவில்லை. அதற்கு முன்பே ஆகிவிட்டேன் என்று நினைக்கிறேன். ஒரு பருவத்துக்கு நூற்றிருபது பிள்ளைகள், ஆளுக்கு நான்கு கட்டுரை. எல்லாவற்றையும் ஒரே பட்டியலை வைத்து அளந்துகொண்டே இருந்தால் கை மட்டும்தான் வேலை செய்யும். எரிச்சல் மட்டும் மிச்சமிருந்தது. அதையும் வகுப்பில் செலவழித்துவிட்டு, குனோங் ராபாட்டில் இருக்கும் வீட்டுக்கு வெறுங்கையோடு வருவேன்.

தினேஸ்வரி இரண்டாம் வரிசையில் உட்காரும் பெண். சுங்கை சிப்புட்டிலிருந்து மோட்டார் சைக்கிளில் வருவாள். கேட்டால்தான் பேசுவாள். ஒரு புதன்கிழமை வகுப்பு முடிந்து எல்லாரும் போன பிறகு இரண்டு தாள்களோடு என் மேசைக்கு வந்தாள்.

"மிஸ், இத சான்றா வைக்கலாமா?"

"என்ன இது?"

"அப்பாவோட ஷோ காஸ் லெட்டர், மிஸ். கிலாங்குல குடுத்தாங்க. ஏழு நாளுக்குள்ள பதில் எழுதிக் குடுக்கணும். எல்லாம் இங்கிலீஷ்ல. அப்பாவுக்கு மலாய் பேச வரும், எழுத வராது. இங்கிலீஷ் சுத்தமா வராது. அதான் நான் எழுதுனேன்."

கிலாங் என்றால் மலாயில் தொழிற்சாலை. அவள் அப்பா பழனியப்பன் செமோரில் ஒரு தரை ஓடு தொழிற்சாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர். இருபத்து மூன்று வருடமாக அங்கேதான். இரண்டு வாரங்களுக்கு முன் அவர் ஓட்டிய வண்டி கிடங்கின் அடுக்கில் இடித்து, தரை ஓடுகள் இருந்த பெட்டிகள் சரிந்துவிட்டன. யாருக்கும் அடியில்லை. கவனக்குறைவு என்கிறது தொழிற்சாலை. உன்னை ஏன் வேலையிலிருந்து நீக்கக் கூடாது, காரணம் சொல் என்று கடிதம் கொடுத்துவிட்டார்கள். பிரேக் சரியில்லை என்று தான் சூப்பர்வைசருக்கு இரண்டு முறை முன்பே சொன்னதாகச் சொல்கிறார் பழனியப்பன். தினேஸ்வரி அந்த இரண்டு வாட்ஸ்அப் செய்திகளையும் தேதியோடு படம் எடுத்து இணைத்திருந்தாள். ஆதாரம் என்று நான் தொண்டை வறளக் கத்தியது ஒருத்திக்காவது ஏறியிருக்கிறது.

"பதில் சரியா இல்லன்னா?"

"நிறுத்திடுவாங்க, மிஸ். இன்னும் நாலு வருஷத்துல ரிட்டையர். இந்த வயசுல வெளிய போனா யாரு எடுப்பா?"

அதைச் சொல்லும்போதும் அவள் குரல் ஏறவில்லை. தாள்களை வாங்கி வைத்துக்கொண்டேன்.

அன்று மாலை வீட்டில் மற்றக் கட்டுரைகளோடு அதையும் திருத்தினேன். முதல் பத்தி தெளிவு. இரண்டாம் பத்தி அருமை. நான்காவதும் ஐந்தாவதும் குறைசொல்ல முடியாதவை. மூன்றாம் பத்தியில்தான் ஏமாற்றியிருந்தாள். என் தந்தை கவனக்குறைவாக இருந்தார் என்று சிலர் கூறலாம். அவ்வளவுதான், ஒரே வரி. ஆறுக்கு இரண்டு போட்டு, ஓரத்தில் சிவப்பு மையில் எழுதினேன்: மறுதரப்பு பலவீனம். எதிராளியிடம் இருக்கும் மிக வலுவான வாதம் எது? அதை மறைக்காதே. நேர்மையாக எழுது. அப்போதுதான் உன் மறுப்புக்கு மதிப்பு.

அது ஒரு மனிதரின் வேலை என்று தெரியாமல் நான் திருத்தவில்லை. தெரிந்துதான் திருத்தினேன். தெரிந்த விஷயம் தலையில் ஒரு பக்கம் இருந்தது. மதிப்பெண் பட்டியல் கையில் இருந்தது. கை தன் வேலையைச் செய்தது.

வெள்ளிக்கிழமை திருத்திய கடிதத்தைக் கொண்டுவந்தாள். மூன்றாம் பத்தி ஏழு வரிக்கு வளர்ந்திருந்தது. விபத்துக்கு மூன்று வாரங்களுக்கு முன் கிளினிக்கில் அவள் அப்பாவுக்கு ரத்த அழுத்த மாத்திரையை மாற்றியிருக்கிறார்கள். முதல் சில நாள் தலைசுற்றல் இருந்திருக்கிறது. இதை அவர் தொழிற்சாலையில் யாரிடமும் சொல்லவில்லை. இதுவே விபத்துக்குக் காரணம் என்று ஒருவர் வாதிடலாம் என்று எழுதியிருந்தாள். நான்காம் பத்தியில் அதற்குப் பதிலும் இருந்தது. தலைசுற்றல் ஒரே வாரத்தில் நின்றுவிட்டது, விபத்து நடந்த நாளில் அவர் நலமாக இருந்தார், பழுது பிரேக்கில்தான், இதோ செய்திகள். கண்ணைக் கட்டிவிட்டாலும் பதினெட்டு போடலாம். போட்டேன்.

அவள் உடனே போகவில்லை. பையின் ஜிப்பைத் திறப்பதும் மூடுவதுமாக நின்றாள்.

"இத இப்படியே அனுப்பிடலாமா, மிஸ்?"

"ஏன், என்ன சந்தேகம்?"

"இல்ல, மிஸ். மாத்திர விஷயம் அவங்களுக்குத் தெரியாது. நாமளே சொன்ன மாதிரி ஆயிடுமோன்னு."

"அடுத்த பத்தியில அதுக்குத்தான் பதில் சொல்லிட்டியே. படிக்கிறவங்க ரெண்டையும் சேர்த்துத்தான் படிப்பாங்க. இப்பதான் எழுத்து முழுசா இருக்கு. அனுப்பு."

சரி மிஸ் என்று சொல்லிவிட்டுப் போனாள். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இந்த நுணல் வாயை மூடிக்கொண்டு சும்மா இருந்தது. நான்தான் போய்த் திறந்துவிட்டேன்.

இரண்டு வாரம் கழித்து மதிப்பீட்டுக் குழு வந்தது. ஷர்மினி தினேஸ்வரியின் கடிதத்தைப் பெயரை மறைத்துக் கோப்பின் முதல் பக்கத்தில் வைத்திருந்தாள். கோலாலம்பூரிலிருந்து வந்த அம்மாள் ஒருவர் அதை இரண்டு முறை படித்தார். ஓர் உடலுழைப்பாளியின் குடும்பத்துக்குக் கல்விசார் எழுத்து எப்படிக் குரலாகிறது பாருங்கள் என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். அழவில்லை. ஆனால் ஷர்மினி மேசைக்கடியில் என் கையைப் பிடித்து அமுக்கினாள். பிறகு மீஹூனும் கறிபாப்பும் வந்தன. நான் இரண்டு கறிபாப் சாப்பிட்டேன்.

அடுத்த வாரம் தினேஸ்வரி இரண்டு வகுப்புக்கு வரவில்லை. மூன்றாம் வகுப்புக்கு வந்து, முடிந்ததும் ஒரு கடிதத்தை என்முன் வைத்தாள். தொழிற்சாலை எழுதியது. ஒரே பக்கம். உங்கள் கடிதத்தின் மூன்றாம் பத்தியில் நீங்களே ஒப்புக்கொண்டபடி, தலைசுற்றல் உண்டாக்கும் மருந்தை உட்கொண்டு, அதை நிர்வாகத்திடம் மறைத்து, கனரக வண்டியை இயக்கியுள்ளீர்கள். இது கடுமையான ஒழுங்கு மீறல். உங்கள் வேலை இன்றோடு முடிகிறது. பதினான்கு நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். பிரேக் பற்றி ஒரு சொல் இல்லை. நான்காம் பத்தி என்று ஒன்று எழுதப்பட்டதாகவே தெரியவில்லை.

முதலில் என் கண்ணில் பட்டது, அந்தக் கடிதத்தில் ஒரு காற்புள்ளி தவறான இடத்தில் இருந்ததுதான். ஒன்றும் உறைக்கவில்லை. பல் பிடுங்குவதற்கு முன் ஊசி போட்ட கன்னம் மாதிரி இருந்தது உடம்பு முழுக்க.

"அப்பா எப்படி இருக்காரு?"

"வீட்டுலதான் இருக்காரு, மிஸ். காலைல அஞ்சு மணிக்கே எந்திரிச்சிடுறாரு. குளிச்சிட்டு உக்காந்திருக்காரு." கடிதத்தை மடித்தாள். "அப்பீல் எழுதணும், மிஸ். அப்பீல்ல மறுதரப்பு வைக்கணுமா?"

கேலி செய்கிறாளா என்று முகத்தைப் பார்த்தேன். கேலி இல்லை. கோபமும் இல்லை. கேள்வி மட்டும்தான் இருந்தது. வேண்டாம் என்றேன்.

ஷர்மினியிடம் போய்ச் சொன்னேன். அவள் கதவைச் சாத்தினாள்.

"அக்கா, அது கம்பெனியோட முடிவு. நம்ம என்ன செய்ய முடியும்? லெட்டர் நல்ல லெட்டர்தான."

"அந்தப் பத்திய எழுதச் சொன்னது நான். அத நானே கம்பெனிக்கு எழுதிக் குடுக்கப் போறேன்."

"காலேஜ் பேர் போட்ட தாள்ல வேணாம், அக்கா. பேனல் ரிப்போர்ட் வரட்டும். அது வரைக்கும் யார்கிட்டயும் பேசாதீங்க, பிளீஸ்." பிறகு சற்று யோசித்து, "அந்த சேம்பிள மாத்தவும் முடியாது, முதல் பக்கத்துல இருக்கு," என்றாள்.

வெள்ளைத் தாளில் எழுதினேன். இந்த மாணவியின் ஆசிரியை நான். அந்தப் பத்தி வகுப்புப் பயிற்சியின் விதிப்படி, என் கட்டாயத்தின் பேரில் எழுதப்பட்டது. அதை ஒப்புதலாக எடுத்துக்கொள்வது முறையல்ல. கையெழுத்துப் போட்டு, அடையாள அட்டை எண்ணும் போட்டேன். சனிக்கிழமை காலையில் சுங்கை சிப்புட்டுக்குக் காரை எடுத்தேன்.

வழியெல்லாம் இப்போது எண்ணெய்க்கான செம்பனைதான். ரப்பர் இருந்த காலத்தில் அந்தப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் என் தாத்தா கிராணியாக, கணக்கெழுதுபவராக, இருந்தவர். நாங்கள் சிலோன்காரர்கள், எங்களிடம் பேனா இருந்தது. பழனியப்பனின் முன்னோர்கள் வரிசையில் நின்று, கிராணி காட்டிய இடத்தில் கைநாட்டு வைத்தவர்கள். எதில் வைக்கிறோம் என்று யாரும் கேட்டதாக எங்கள் வீட்டில் ஒரு கதையும் இல்லை. நான் பேனாவைக் கற்றுக்கொடுக்கப் போனவள் என்று இத்தனை வருடம் என்னைப் பற்றி ஒரு நல்ல அபிப்பிராயம் வைத்திருந்தேன்.

தாமான் குடியிருப்பில் மூன்றாம் வரிசையில் ஓரத்து வீடு. பழனியப்பன் வாசல் கேட்டைத் திறந்துவிட்டு வெயிலில் நின்றார். ஒல்லியான மனிதர். சட்டையைக் கால்சட்டைக்குள் விட்டுக் கழுத்துப் பொத்தான் வரை போட்டிருந்தார், பள்ளிக்கூடத்துக்குப் பெற்றோராகப் போகிறவர் மாதிரி.

"வாங்க, டீச்சர். பாப்பா, டீச்சருக்கு மைலோ கலக்கு," என்று உள்ளே பார்த்துச் சொன்னார்.

காற்றாடியை என் பக்கம் திருப்பிவைத்தார். அவர் மனைவி மருத்துவமனையில் துப்புரவு வேலைக்குப் போயிருப்பதாகச் சொன்னார். பிறகு கடித விஷயத்துக்கு அவரே வந்தார்.

"லெட்டர் ரொம்ப நல்லா இருந்துச்சின்னு எச்.ஆர். பொண்ணே சொல்லுச்சி, டீச்சர். யாரு எழுதுனான்னு கேட்டுச்சி. என் மகளுன்னேன்." அதில் அவருக்கு இன்னும் பெருமை இருந்தது. "ஒண்ணுதான் எனக்கு வெளங்கல. நம்ம லெட்டர்ல அவங்க பக்கத்து நியாயத்த நாமளே எழுதுனோம் இல்லியா. அதே மாதிரி அவங்க லெட்டர்ல நம்ம பக்கத்து நியாயம் எங்க இருக்குன்னு பாப்பாகிட்ட கேட்டேன். தேடிப் பாத்துட்டு இல்லன்னுச்சி. கம்பெனிக்காரங்க அந்தப் பாடம் படிக்கலியா, டீச்சர்?"

அவர் உண்மையாகவே கேட்டார். பத்தொன்பது வருடத்தில் எந்த மாணவனும் என்னைக் கேட்காத கேள்வி. படித்திருப்பார்கள் என்றேன். படித்தவர்கள்தான் எச்.ஆரில் இருப்பார்கள் என்றேன்.

தினேஸ்வரி மைலோவை வைத்துவிட்டுக் கீழே உட்கார்ந்தாள். நான் கொண்டுபோன கடிதத்தை எடுத்து அவரிடம் நீட்டினேன்.

"அந்த மாத்திர விஷயத்த எழுதச் சொன்னது நான்தான். தினேஸ்வரி மேல தப்பில்ல. தப்பு என்னோடது. அத நானே எழுதிக் கையெழுத்து போட்டிருக்கேன். அப்பீலோட சேர்த்து வைங்க."

பழனியப்பன் கடிதத்தை வாங்கவில்லை. கையை மடிமேல் வைத்துக்கொண்டார்.

"வேணாம், டீச்சர். காலேஜ்ல உங்களுக்குப் பிரச்சனையாயிடும். மாத்திர போட்டது நெஜந்தான. நீங்க நேர்மையா எழுதுன்னுதான சொன்னீங்க? கெட்டதா சொன்னீங்க?"

"குடுங்க, மிஸ்," என்றாள் தினேஸ்வரி.

வாங்கி, தரையில் வைத்து, விரலால் வரிவரியாகப் படித்தாள். ஓரிடத்தில் விரல் நின்றது. அங்கே நான் என்ன எழுதியிருந்தேன் என்பது எனக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. தொழிலாளர்களின் பாதுகாப்புக் குறித்து நிர்வாகம் கொண்டுள்ள அக்கறை நியாயமானதே என்று ஒருவர் வாதிடலாம். யோசித்து எழுதியது இல்லை. கை எழுதியது.

அவள் எழுந்து போய் ஒரு பேனா கொண்டுவந்தாள். என்னிடம் கேட்கவில்லை. அந்த வாக்கியத்தின் குறுக்கே கோடு இழுத்தாள், பிறகு கடிதத்தை என் பக்கம் திருப்பினாள்.

"இது இல்லாம வேற தாள்ல எழுதித் தாங்க, மிஸ். அப்பீலுக்கு இன்னும் ஆறு நாள் இருக்கு."

முகம் சுட்டது. எத்தனையோ மாதம் கழித்து என் உடம்பில் எனக்கு ஒன்று தெரிந்தது, அது வெட்கம். அதைத் தள்ளிவிட எனக்கு மனமில்லை.

பழனியப்பன் பதறிவிட்டார்.

"பாப்பா, என்னா இது? டீச்சர் எழுதுனத போயி அடிக்கிற?" என்னைப் பார்த்து இரண்டு கையையும் சேர்த்தார். "மன்னிச்சிக்குங்க, டீச்சர். இது எப்பவுமே இப்படித்தான், சொன்னா கேக்காது. அன்னிக்கும் அந்த மாத்திர விஷயத்த எழுதவே மாட்டேன், அனுப்பவே மாட்டேன்னு ஒத்தக் கால்ல நின்னுச்சி. ராத்திரி சோறுகூடத் திங்கல. நான்தான் போட்டு ஏசுனேன். உனக்குத் தெரியுமா, டீச்சருக்குத் தெரியுமா, செவப்புல எழுதிக் குடுத்திருக்காங்க, எழுதுன்னு சொல்லிப் பக்கத்துலயே உக்காந்து எழுத வச்சேன்."

தினேஸ்வரி தலை நிமிரவில்லை. பழனியப்பன் கூப்பிய கையைக் கீழே இறக்கவும் இல்லை. நான் ஏதாவது சொல்வேன் என்று காத்திருந்தார்.